ஃபீனிக்ஸ் நகரத்து அருங்காட்சியகங்களில் நான் கற்றுக்கொண்டது

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கா போய் வந்தவரைப் பேசச் சொன்னால் என்ன பேசுவார் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நயாகரா, டிஸ்னிலாண்ட், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், கடைசியில் "என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வருமா" என்று முடிப்பார். நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். என் பேத்தி என்னைக் காப்பாற்றினாள்.

என் மகன் அரிஸோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வேலையாக இருக்கிறான். 2025 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். அது பாலைவனப் பிரதேசம். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். ஆகவே போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போவது உத்தமம்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பெருமையாகச் சொன்னேன்: "நம்ம கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆயாச்சு. இந்த ஊருக்கு என்னடா சரித்திரம் இருக்கு? நேத்திக்கு வந்த ஊர்." என் பேத்திக்குப் பதினொரு வயது. அவள் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இங்கே ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கால்வாய் இருந்தது. ஸ்கூலில் கூட்டிண்டு போய்க் காட்டினா" என்றாள்.

கால்வாய் என்று காதில் விழுந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மஹாராஷ்டிராவில் நீர்ப்பாசனத் துறையில் 33 வருஷம் கால்வாய் வேலையே பார்த்தவன் நான். மறுநாளே அழைத்துப் போகச் சொன்னேன்.

விமான நிலையத்துக்கு அருகிலேயே அந்த இடம் இருக்கிறது. முன்பு அதற்குப் ப்வெப்லோ க்ராண்டே என்று ஸ்பானிஷ் பெயர். 2023-இல் அந்த மண்ணுக்கு உரிய ஓஓதாம் மக்களின் மொழியிலேயே ஸஅடாஃப் வாஅகி அருங்காட்சியகம் என்று மாற்றியிருக்கிறார்கள். மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய ஒரு பெரிய மேடு, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு இருக்கும். சுமார் கி.பி. 450 முதல் 1450 வரை அங்கே ஒரு கிராமம் இருந்திருக்கிறது. சால்ட் நதியிலிருந்து கால்வாய்கள் பிரிகிற தலைப்பில் அமைந்த கிராமம் அது. தலைமடையில் இருக்கிறவன் கையில்தான் கடைமடைக்காரனின் வாழ்வு இருக்கிறது என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் வெட்டிய கால்வாய்கள் நூற்றுக்கணக்கான மைல். இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, இழுக்க மாடு கிடையாது. மரக்கழியும் கல் மண்வெட்டியும் கூடையும்தான். கால்வாய் வெட்டுவது பெரிய காரியமில்லை, சரிவு பார்ப்பதுதான் காரியம். சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். எங்களுக்கு லெவல் பார்க்கும் கருவி இருந்தும் தப்பு நடந்ததுண்டு. கருவி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த அந்தக் கால்வாயின் மிச்சத்தைப் பார்த்தபோது, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பேத்திக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

ஃபீனிக்ஸ் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? 1867-இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் ஒரு கால்வாய்க் கம்பெனி ஆரம்பித்தார். பழைய கால்வாய்களின் தடத்தைப் பார்த்தே புதிதாக வெட்டினார்கள். அழிந்த ஊரின் மேல் புது ஊர் எழுகிறது என்பதால், சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை டேரல் டப்பா என்பவர் வைக்கச் சொன்னாராம். இன்றும் நகரத்தில் ஓடுகிற சில கால்வாய்கள் அந்தப் பழைய வழியிலேயே ஓடுகின்றன.

ஆனால் "அழிந்த ஊர்" என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. கால்வாய் வெட்டியவர்களை ஆராய்ச்சியாளர்கள் ஹோஹோகம் என்று அழைத்தார்கள். மறைந்துபோனவர்கள் என்று அர்த்தம் சொல்லி, ஒரு கூட்டமே மாயமாகிவிட்டது போலப் புத்தகங்களில் எழுதினார்கள். 1450 வாக்கில் கிராமங்கள் கைவிடப்பட்டது உண்மை. வெள்ளம், வறட்சி, நிலம் உப்பேறியது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஆனால் ஓஓதாம் மக்கள், "அவர்கள் எங்கும் போகவில்லை, எங்கள் முன்னோர்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம்" என்கிறார்கள். அவர்கள் சொல் ஹுஹுகம். முன்னோர்கள் என்று பொருள். நமக்கு இது சுலபமாகப் புரியும். காலமானவர் என்பதும் பித்ருக்கள் என்பதும் ஒன்றா? காலமானவர் போனவர். பித்ருவுக்கு அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் விட ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த மக்களின் தண்ணீர் கதையையும் சொல்ல வேண்டும். நகரத்துக்குத் தெற்கே ஹீலா நதிக்கரையில் ஆக்கிமெல் ஓஓதாம், அதாவது நதி மக்கள், கோதுமை விளைவித்து, 1849-இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர்கள். பிற்பாடு மேலே குடியேறியவர்கள் நதியைத் திருப்பிக்கொண்டதால் அவர்களே பஞ்சத்தில் விழுந்தார்கள். 2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்துதான் அவர்களுக்கு வருஷத்துக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீர் பாத்தியம் என்று தீர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் நாட்டிலும் நதிநீர் வழக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் பொறுமையை நினைத்து ஆச்சரியப்பட்டேன்.

அடுத்து ஹர்ட் அருங்காட்சியகம். டுவைட் ஹர்ட், மே ஹர்ட் என்ற தம்பதி தங்கள் சேகரிப்பைக் கொண்டு 1929-இல் ஏற்படுத்தியது. அரிஸோனாவில் அரசாங்கம் அங்கீகரித்த பூர்வகுடி இனங்கள் மட்டும் 22. பானை, கூடை, நெசவு, வெள்ளி நகை என்று ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் கொடுத்த 400-க்கும் மேற்பட்ட கச்சீனா பொம்மைகள் அங்கே இருக்கின்றன. என் மனைவி பார்த்தவுடனே, "என்னன்னா, கொலு மாதிரி இருக்கே!" என்றாள். அவை ஹோப்பி இனத்தாருடையவை. மழையும் விளைச்சலும் தரும் தெய்வ அம்சங்களைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெண் குழந்தைகளுக்குக் கொடுப்பது. அலங்காரப் பொருள் இல்லை, பாடம். என் மனைவி சொன்னதில் தப்பில்லை என்று தோன்றிற்று.

மாடியில் ஒரு அறைக்குள் நுழைந்தபோதுதான் என் மனம் கலங்கிப்போயிற்று. நடுவில் பழைய காலத்து நாவிதர் நாற்காலி ஒன்று. சுற்றிலும் வெட்டிப்போட்ட தலைமயிர். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசாங்கம் நடத்திய உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய கண்காட்சி அது. கொண்டுவந்தவுடன் முதல் காரியம் தலைமயிரை வெட்டுவது. அப்புறம் சொந்த உடையைப் பறித்துச் சீருடை, சொந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயர், தாய்மொழியில் பேசினால் தண்டனை. ஃபீனிக்ஸ் நகரத்துப் பள்ளி 1891 முதல் 1990 வரை நடந்தது. அது இருந்த இடம் இப்போது பூங்கா. பழைய கட்டடங்கள் மூன்றை வைத்திருக்கிறார்கள். சங்கீதம் சொல்லிக்கொடுத்த கட்டடத்தில் 2017 முதல் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கேயும் போனோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கண்காட்சி ஒருதலைப்பட்சமாக இல்லை. பிற்காலத்தில் படித்த சிலர் அங்கே கிடைத்த சிநேகிதத்தையும் பாண்டு வாத்தியத்தையும் விளையாட்டையும் அன்போடு நினைவுகூர்வதையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கு கணக்குத்தான். 417 அரசாங்கப் பள்ளிகளில் குறைந்தது 973 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்று 2024-இல் அந்நாட்டு உள்துறை அறிக்கை சொல்லிற்று. அதே வருஷம் அக்டோபர் 25 அன்று அதிபர் பைடன், ஹீலா நதி மக்களின் ஊருக்கே வந்து, நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நாற்காலியின் முன் நின்றபோது எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வந்தது. ஒருவர் என் தாத்தா. உத்தியோகத்துக்காகப் பம்பாய் வந்து, தானே குடுமியை எடுத்துக்கொண்டவர். அன்று இரவு சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னொருவன் என் மகன். சிறு வயதில் அவனைச் சேர்த்த பள்ளியில் தாய்மொழியில் பேசினால் நாலணா அபராதம். நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசு என்று நானே கட்டாயப்படுத்தினேன். இன்று அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நம் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் புரட்டிப் படம் பார்ப்பான்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அபசாரம். அந்தக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கினார்கள். நாம் ஃபீஸ் கட்டி, நாமாகவே கொடுத்தோம். அதனால்தான் எனக்கு அதிகமாக உறுத்திற்று. பிடுங்கப்பட்டவர்கள் இன்று தங்கள் பாஷையைத் திரும்பக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள், அருங்காட்சியகத்துக்குத் தங்கள் பாஷையில் பெயர் வைக்கச் செய்திருக்கிறார்கள். நம்மை யாரும் தடுக்கவில்லையே! நமக்கு என்ன சாக்கு?

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மகனிடம் சொன்னேன், "உனக்குத் தமிழ் படிக்கச் சொல்லித் தராதது என் தப்புடா." அவன் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான். அப்புறம், "இவளுக்குச் சொல்லிக் கொடுங்கோப்பா, நானும் கூட உக்காந்துக்கறேன்" என்றான். அன்று இரவே அ, ஆ ஆரம்பித்தோம். இப்போது வாரம் இரண்டு நாள் வீடியோவில் பாடம் நடக்கிறது. பேத்தி கூட்டெழுத்துப் போட்டுப் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு இன்னும் ழகரம் தகராறு.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்ன மூன்று இடங்களும் நகர ரயில் பாதைக்கு அருகிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் வேலைக்குப் போனாலும் நாமே போய் வரலாம். வடக்கே 2010-இல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சுமார் 200 நாட்டு வாத்தியங்கள், நம்முடையதும் சேர்த்து. காதில் ஒரு கருவி மாட்டிவிடுவார்கள். எந்த வாத்தியத்தின் முன் நிற்கிறோமோ அதன் நாதம் தானாகக் கேட்கும். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், ஒரு நாள் போதாது.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு கிளையிலும் எண்பது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். ஊர், உறவு, சமையல், பாட்டு எல்லாம். அதோடு இதையும் கேளுங்கள்: உங்கள் ஊர் வாய்க்காலை வெட்டியது யார்? குளத்தைத் தூர் வாரியது யார்? அவர்கள் குடும்பங்கள் இப்போது எங்கே? நம் கிராமத்துப் பெருமையை நாம் எழுதும்போது இந்தப் பெயர்கள் விட்டுப்போகின்றன. என் சொந்த ஊர் வாய்க்காலை வெட்டியவர் பெயர், 33 வருஷம் கால்வாய் வேலை பார்த்த எனக்கே தெரியவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விசாரிக்கப் போகிறேன்.