சிறார் இல்லத்திற்குச் சாட்சி யார்?

(ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அனாதைகளின் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகின்றது. அனாதை பக்குவம் அடைந்ததும் அவனுடைய பொருளை அவனிடமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மோசடிக்காரருக்கு மட்டும் சாட்சி வேண்டும் என அவ்வசனம் பிரித்துக் கூறவில்லை. நேர்மையானவரும் அதில் அடக்கம். பொருளுக்கே இந்த ஏற்பாடு என்றால், பிள்ளையின் உடலுக்கும் உள்ளத்திற்கும் எத்தகைய ஏற்பாடு வேண்டும்?

இதைச் சிந்திப்பதற்காகப் பிரிட்டனில் நடந்தவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். பெற்றோரால் வளர்க்க இயலாத பிள்ளைகளையும், வீட்டில் ஆபத்துக்குள்ளாகும் பிள்ளைகளையும் அங்கே உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்கின்றன. அவர்களுள் பலருக்குத் தாய் தந்தையர் உயிரோடு இருப்பார்கள். ஆயினும் பெற்றோரின் ஸ்தானத்தில் மன்றமே நிற்கின்றது. இதற்காக மன்றங்கள் தாமே சிறார் இல்லங்களை நடத்தின. அவ்வில்லங்களைக் கண்காணித்தவர் யார்? பெரும்பாலும் அதே மன்றத்தின் அதிகாரிகளும் உறுப்பினர்களுமே!

ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்ட மன்றத்தின் இல்லங்களில் 1983 முதல் 1989 வரை ‘பின்டவுன்’ என்றொரு தண்டனை முறை இருந்தது. பிள்ளைகளை இரவு உடையோடு தனியறையில் நாட்கணக்கில், சிலரை வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பிறரோடு பேசவும் தடை. இதற்கு ஆளானவர்கள் குறைந்தது 132 பேர் என 1991இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. பணியாளர்கள் இதை மறைக்கவில்லை! இல்லத்தின் தினக்குறிப்பேடுகளில் வெளிப்படையாக எழுதியே வைத்திருந்தார்கள். ஏடு இருந்தது, எழுத்து இருந்தது. அதைப் படித்து, ‘இது என்ன அநியாயம்?’ என்று கேட்க ஆளில்லை. மன்றத்துக்கு வெளியே இருந்த ஒரு வழக்குரைஞரின் முயற்சியால்தான் அது நின்றது.

வடக்கு வேல்ஸில் நடந்தது இதனினும் கொடியது. க்லூயிட் மாவட்ட மன்றத்தின் இல்லங்களில், குறிப்பாக ரெக்ஸம் நகரருகே இருந்த பிரின் எஸ்டினில், பிள்ளைகள் பல்லாண்டுகள் அடிக்கப்பட்டார்கள், மானபங்கப்படுத்தப்பட்டார்கள். இந்த மிம்பரிலிருந்து அதற்கு மேல் விவரிக்க நா எழவில்லை. அம்மன்றமே ஜில்லிங்ஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1996இல் அறிக்கை தயாரானது. வெளியிட்டால் இழப்பீட்டு வழக்குகள் பெருகும் எனக் காப்பீட்டு நிறுவனம் எச்சரிக்கவே, அது வெளியாகாமல் பிரதிகள் அழிக்கப்பட்டன. சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில் மக்கள் அதைப் பார்த்தது 2013இல்தான். தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே கையில் வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

பின்னர் நீதிபதி வாட்டர்ஹவுஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 72 பரிந்துரைகளை அளித்தது. அவற்றின் பயனாக 2001இல் வேல்ஸில் சிறார்களுக்கெனத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். பிரிட்டனில் அத்தகைய பதவி அதுவே முதலாவது. 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரநிலைச் சட்டம் 2002 முதல் மன்றங்களின் இல்லங்களையும் பதிவுக்கும் வெளியார் ஆய்வுக்கும் உட்படுத்தியது. தனியார் இல்லத்திற்குப் பதிவு வேண்டும், மன்றத்தின் இல்லத்திற்கு வேண்டாம் என்றிருந்த விசித்திர நிலை அப்போதுதான் முடிந்தது. இங்கிலாந்தில் 2007 முதல் ‘ஆஃப்ஸ்டெட்’ என்ற அரசு அமைப்பு முன்னறிவிப்பின்றி வந்து ஆய்வு செய்கின்றது. அதுவன்றி, சுயேச்சையான ஒருவர் மாதந்தோறும் இல்லத்திற்கு வர வேண்டும். பிள்ளை சம்மதித்தால் தனிமையில் பேச வேண்டும். ஏடுகளைப் பார்க்க வேண்டும். ஆஃப்ஸ்டெட்டுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சுயேச்சையானவரை நியமிப்பது யார்? இல்லத்தை நடத்துபவரே! இந்த ஓட்டையை நான் சிறிதாகக் கருதவில்லை. லண்டன் லாம்பெத் மன்றத்தைப் பற்றி 2021இல் வெளியான அறிக்கையைப் பாருங்கள். மூன்று நிலையங்களில் வளர்ந்த 705 பேர் பாலியல் கொடுமை குறித்து முறையிட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளில் அம்மன்றம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்த மூத்த ஊழியர் ஒரே ஒருவர்.

ஜமாஅத்தார்களே! கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவுக் காவல் சென்றபோது ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். மூன்று முறை சென்று விசாரித்தார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருகிறார், ஆகவே அவசரமாகப் பால் மறக்கடிக்கின்றேன் என்று, வந்திருப்பவர் யாரென அறியாமல் அந்தத் தாய் கூறிவிட்டாள். பிறந்தது முதலே தொகை உண்டு என்று மறுநாள் கட்டளை பிறந்தது. பைத்துல்மாலின் கணக்கேட்டில் அந்த அழுகை பதிவாகியிருக்குமா?

நம்மில் எவரேனும் பிள்ளைகள் தங்கும் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பின், அறிவிக்காமல் செல்லுங்கள். அலுவலக அறையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பாதீர்கள். ஊழியர் இல்லாத இடத்தில், அவரது பார்வைக்கு எட்டும் தூரத்தில் பிள்ளையோடு அமர்ந்து கேளுங்கள். உங்களோடு உறவோ வியாபாரமோ இல்லாத ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையை அவர் எழுதட்டும்.

அத்தகைய இல்லங்களில் இன்றிரவு உறங்கவிருக்கும் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.