எஸ்எஸ்பி-யில மனப்பாடம் உதவுமா?

இன்ஜினியரிங் முடிச்சு இந்தியக் கடற்படையில அதிகாரி ஆக விரும்புறவங்க பலர், எஸ்எஸ்பி தேர்வை கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி நினைச்சு பதில்களை மனப்பாடம் பண்றாங்க. அங்க அது எடுபடாது.

மொத்தம் 5 நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்ல தேறலைன்னா அன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பணும். தேறினவங்களுக்கு உளவியல் தேர்வு. அதுல ஒரு பகுதி: 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனசுல தோணினதை எழுதணும். அப்புறம் குழுவா பலகை, கயிறு வெச்சு தடைகளைத் தாண்டணும். தனியா நேர்காணலும் உண்டு.

எழுதினது, செஞ்சது, பேசினது மூணும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க. இரவல் பதில் அங்கதான் மாட்டிக்கும்.

அதனால ரெடிமேட் பதிலுக்குக் காசு கட்டாதீங்க. காலேஜ்லயோ ஆபீஸ்லயோ ஒரு பொறுப்பை எடுத்து முடிச்சுக் காட்டுங்க. வயசு வரம்பு இருக்கு, தள்ளிப் போடாதீங்க.