சூலையாகிய எச்சரிக்கை



திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமானின் திருமுன்பு கூடியிருக்கும் நம்முள் கடலூர்த் துறைமுகத்தை அறியாதார் இலர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'கூண்டு ஏற்றிவிட்டார்கள்' என்னும் செய்தி வந்த மாத்திரத்தில் 'எத்தனையாம் எண்?' என்று வினவுவது இவ்வூர் வழக்கம். பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள், இவையே கூண்டு. 1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் புயல் பாழாக்கியதன் பின், மறு ஆண்டில் அத்துறைமுகத்தில் தொடங்கிய ஏற்பாடு நாளடைவில் நாட்டின் பிற துறைமுகங்களுக்கும் பரவியது.

எண் ஏற ஏற ஆபத்தும் ஒவ்வொரு படியாக ஏறுகிறது என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது முற்றும் சரியன்று. முதல் இரண்டும் தொலைக்கடலைப் பற்றியவை. மூன்றும் நான்கும் துறைமுகத்தை நோக்கிய எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் அபாயமே. புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே கடக்குமா என்பது ஒன்றே அவற்றிடை வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியனவும் அவ்வாறே, அவை பேரபாயம். ஆதலின் 'எட்டுத்தானே, பத்து இல்லையே' என்று ஆறுதல் கொள்பவர், குறியைக் கண்டும் பொருளைக் காணாதவர் ஆகிறார். பதினோராம் எண் வியப்புக்குரியது. வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றுப்போய், அபாயம் உண்டு என்று துறைமுக அதிகாரி தாமே கருதும்போது ஏற்றுவது அது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் கண்டோம். வருகிறது என்பதையேனும் அன்று முன்னரே அறிந்திருந்தோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளோ அதுவும் இல்லை. மார்கழிப் பௌர்ணமி, தில்லையிலே ஆருத்திரா தரிசனப் பெருவிழா நடைபெறும் காலம். வானம் தெளிந்திருந்தது, எந்தக் கூண்டும் ஏறவில்லை. சுமத்திரா அருகே நிலம் நடுங்கி எழுந்த பேரலை சில மணி நேரத்தில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு வரை புகுந்தது. இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். சில கரைகளில் கடல் உள்வாங்கியது. அதனை வேடிக்கை காணச் சென்றவரும் உண்டு. அதுவே கூண்டு என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

அதே நாளில், நடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருந்த சிமலூ என்னும் தீவில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுள் இறந்தோர் எழுவரே. 1907ஆம் ஆண்டு தம் முன்னோர் பட்ட துயரை அவர்கள் 'ஸ்மாங்' என்ற ஒரு சொல்லாக்கித் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலும் கதையிலும் காத்து வந்தனர். நிலம் வலுவாக அதிர்ந்து கடலும் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது அதன் பொருள். ஓடினார்கள், பிழைத்தார்கள்.

இனி, துறைமுகத்தில் ஏறும் கூண்டை விடுத்து உடம்பினுள் ஏறும் கூண்டைச் சிந்திப்போம். அதற்கு நோவு என்று பெயர். நோவே இல்லாத உடம்பு வேண்டும் என்று நாம் இறைவனை வேண்டுகிறோம். அத்தகைய உடம்பு எப்படி இருக்கும் என்பதை வேலூரில் கண்டார்கள். 1946இல் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் என்பவர் தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். விரல்களை நோய் தானே அரித்துவிடுகிறது என்பது அந்நாள் எண்ணம். அவர் கண்ட உண்மை வேறு. நரம்பு உணர்விழந்து போகவே, சூடான பாத்திரத்தைப் பற்றினாலும் தெரிவதில்லை. முள் தைத்தாலும் தெரிவதில்லை. உறக்கத்தில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. நோவு இல்லாமையே விரல்களைத் தின்றது! நோவும் ஒரு செல்வம் என்பதை அவரிடமிருந்து உலகம் கற்றது.

இச்செல்வம் உடைய நாம் என்ன செய்கிறோம்? மார்பில் வலி கண்டால் 'வாயு' என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறோம். நம் வீட்டுப் பெண்மணிகளோ, பிள்ளைகளுக்குக் கவலை தரலாகாது என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்து, மறைக்க இயலாத நாளில் சொல்கிறார்கள். மருத்துவர் கைவிரித்த பின் திருக்கோயிலுக்கு வந்து 'சாமி கண் திறக்கவில்லையே' என்று அழுவோரை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். சாமி முன்னரே கண் திறந்தார், வலியாகத் திறந்தார்.

இதனைச் சொல்லும் உரிமை இவ்வூருக்கு உண்டு. பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்றிருந்த இத்தலத்திலேதான் தருமசேனராய் விளங்கிய நாவுக்கரசருக்குச் சூலை கண்டது. தம்பியை மீட்டருள வேண்டும் என்று திலகவதியார் விண்ணப்பிக்க, சூலை தந்து ஆட்கொள்வோம் என்று வீரட்டானப் பெருமான் கனவில் அருளினார் எனச் சேக்கிழார் பெருமான் அருளுகிறார். தமக்கையார் கேட்டது அருள். வந்ததோ வயிற்றைக் குடையும் நோய். இதனையே நம் முன்னோர் மறக்கருணை என்றனர். தாய் அடிப்பதும் அணைப்பதும் ஒரே கையால் அன்றோ?

நாவுக்கரசர் அந்நோவை மறைக்கவில்லை. உடனிருந்தோர் தாம் அறிந்த மந்திரங்களை எல்லாம் செய்து ஓய்ந்ததும், சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று அம்மையார் சொல்லி விடுத்தார். எனவே அவர் தாமே எழுந்தார். இங்கிருந்து திருவதிகைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். நோயோடு, இருளில் சென்றார். அம்மையார் திருநீறு அளித்தார், பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று. ஆதலால் மருத்துவம் வேண்டா, திருநீறே போதும் என்று இவ்வரலாற்றைக் காட்டி வாதிப்போர் உளர். நாம் அவர்களோடு உடன்படோம். திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டே மருத்துவரிடம் செல்லலாம். அரசர் நமக்குக் காட்டியது, குறி கண்டவுடன் எழுந்து நடந்ததை.

நோய் நீங்கப் பெற்றோர் நோயை மறப்பர்; அல்லது பழிப்பர். நாவுக்கரசரோ, இவ்வாழ்வைப் பெறுவித்த இச்சூலைக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு யாது என்று எண்ணி உருகி நின்றார் என்கிறது பெரிய புராணம்.