அலையோரம் ஒரு கறுப்புப் பல்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெனிஸ் என்றொரு கடலோர ஊர். அங்கே சல்லடையும் கையுமாக அலையோரம் பலர் மணலை அரித்துக்கொண்டிருப்பார்கள். சிப்பிக்காக அல்ல, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாக்களின் பல்லுக்காக! சுறாவுக்கு உடம்பெல்லாம் குருத்தெலும்பு; அது பெரும்பாலும் மக்கிப்போகும், பல் மிஞ்சும். ஒரே சுறா ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். நமக்கோ பல் முளைப்பது இரண்டே தடவை! வெள்ளைப் பல், புதைந்து கிடக்கையில் மண்ணின் தாதுக்கள் ஏறிக் கறுத்துவிடும். பழைய ஐரோப்பியர்கள் இவற்றைக் கல்லாய்ப்போன பாம்பு நாக்கு என்றே நம்பினார்கள். பிடிபட்ட சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த உடற்கூற்றியலாளர் ஸ்டெனோ, அதன் பற்களுக்கும் இந்தக் கற்களுக்கும் உள்ள ஒற்றுமையை 1667-இல் சுட்டி எழுதினார். இன்று ஃபுளோரிடாவில், அரசு நிலங்களில் முதுகெலும்புள்ள உயிரிகளின் புதைபடிவங்களைச் சேகரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சுறாப் பல்லுக்கு வேண்டாம்.