பழவேற்காடு கல்லறையும் டார்ச் லைட்டும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவன் நான். பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு. ஹாஸ்டல் தம்பிகள் சிலர் ராத்திரியில் சுவரேறிக் குதிக்கத் திட்டம் போடுகிறார்களாம், பேய் பார்க்க!

பேய் கிடக்கட்டும். தேய்ந்த எழுத்தைப் படிக்க இருட்டு நல்லதுதான். வார்ப்பின் மேல் சின்னப் பள்ளம் தேடும்போது டார்ச்சை நேராகவா அடிக்கிறோம்? படுக்க வைத்து அடித்தால் பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. ஆனால் இருட்டில் கால் எங்கே படும்? அந்த எழுத்தின் மேலேயேதான். தவிர, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரைதான் அனுமதி என்பது பொதுவிதி.

நான் செய்வது இதுதான். நைட் ஷிப்ட் முடிந்ததும் நேரே பொன்னேரி வழியாகப் போய்விடுவேன். காலை வெயில் சாய்வாக விழும்போது டார்ச்சே வேண்டாம்; டச்சு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். சாக்பீஸ் மட்டும் தேய்க்காதீங்க, தம்பி. லீவில் வாங்க, பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.