அந்தக் காம்பராவின் கதவைத் தட்டுவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மலையை விட்டு இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சம்பளம், கிலோ கணக்கு, வீடு, காணி என்று நம் கூட்டங்களில் பேசாத நாள் இல்லை. இன்றும் பேசத்தான் போகிறோம். அதற்கு முன், நாம் இதுவரை ஒழுங்காகப் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் லயங்களில் மாற்றுத்திறனாளிகளாக வாழும் பிள்ளைகளையும் பெரியவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களையும் பற்றியது அது.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 3 ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். டவுனில் ஊர்வலம் போகும், மேடையில் பேச்சு நடக்கும். லயத்துக் காம்பராவுக்குள் படுத்திருப்பவருக்கு அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"உங்கள் டிவிசனில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்?" என்று தலைவர்களிடம் கேட்டால், "ரெண்டு பேர் இருப்பாங்க" என்பார்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். இந்த நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100 க்கு 8.7 பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருப்பதாக அது சொல்கிறது. மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். நாட்டுக் கணக்கு நம் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 500 பேர் வாழும் ஒரு டிவிசனில் இரண்டே பேர் என்பது நம்பக்கூடிய கணக்கா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீனி வருத்தத்தால் காலை எடுத்த மாமா, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அக்கா, கண் மங்கி பீலிக்கரைக்குப் போக முடியாத பாட்டி, காது கேட்காததால் பாடசாலையில் பின் வாங்கில் உட்கார்ந்து பிறகு நின்றேவிட்ட பெண்பிள்ளை, வலிப்பு வருவதால் வீட்டோடு வைத்திருக்கும் பொடியன், ஃபெக்டரி ரோலரில் கை அகப்பட்டவர், கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர். இவர்கள் எல்லோரும் நம் கணக்கில் வர வேண்டியவர்கள். இவர்களை நாம் எண்ணவில்லை. எண்ணாதவர்களுக்காக எந்த அலுவலகத்திலும் போய்ப் பேச முடியாது.

நாமும் தவறு செய்தோம்

மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் சங்கத்தின் தவறு ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் ஒரு தாய். அடிக்கடி அரைப்பேரோடு மலையை விட்டு இறங்கிவிடுவார். செக்ரோலில் அவருக்கு முழுப்பேர் விழுந்த நாட்கள் குறைவு. நிர்வாகம் நம்மிடம் முறைப்பாடு செய்தது. நாமும் அவரைக் கூப்பிட்டு, "ஒழுங்காக வேலைக்குப் போம்மா, இப்படி இருந்தால் சங்கம் உனக்காக எப்படிப் பேசுவது?" என்று புத்திமதி சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பிறகு அந்த டிவிசனின் மாதர் தலைவி ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனார். வெளியே கொண்டி போட்டிருந்தது. உள்ளே 14 வயது மகன், பாயில். நடக்க முடியாது, தெளிவாகப் பேச வராது. அந்தத் தாய் மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்து, கதவைத் திறந்து, மகனைத் துடைத்து, சோறு ஊட்டினார். தலைவியிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "நான் முழுப்பேருக்கு நின்னா எம்புள்ளைக்கு மத்தியானம் யாரு சோறு ஊட்டுவா?"

அந்தக் கேள்வியை நாம் முதலிலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். பேர் குறைந்ததால் அவருடைய சம்பளம் குறைந்தது. சம்பளம் குறைந்ததால் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் பணமும் குறைந்தது. மகனைத் தூக்கித் தூக்கி அவருக்கே இடுப்பு வலி வந்துவிட்டது. ஒருவருடைய இயலாமையின் முழுச் சுமையையும் ஒரே ஒரு பெண் சுமந்திருக்கிறார், அதுவும் 14 வருடம். சுற்றி இருபது வீடு இருந்தது, தோட்டத்தில் சங்கமும் இருந்தது.

அந்த வீட்டு இஸ்தோப்பில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. யாரோ புண்ணியவான்கள் கொடுத்துவிட்டுப் போனது. அதன்மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். ஏனென்றால் லயத்திலிருந்து ரோட்டுக்குப் போக படிக்கட்டுத்தான். நாற்காலியைக் கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அது உருள ஒரு பாதை வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? தோட்டத்து இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் சரிவாக ஒரு பாதை வெட்டினார்கள். நிர்வாகத்திடம் பேசி சீமெந்து வாங்கினோம். வேலையிலிருந்து நின்ற ஒரு பாட்டி, மத்தியானச் சோறு ஊட்டுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அவருக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்கா. பையனுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. காலங்கடந்த பதிவுக்காக அலைந்து அதையும் எடுத்தோம். அந்த வருடத் திருவிழாவில் அவன் கோயில் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்து தப்புச் சத்தம் கேட்டுச் சிரித்ததை முழுத் தோட்டமும் பார்த்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். அவன் பாடசாலைக்குப் போக வேண்டிய வருடங்கள் போய்விட்டன. அவை திரும்ப வராது. இன்று 3 வயதில், 4 வயதில் நம் பிள்ளை மடுவங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னோம்.

உரிமை என்று கேட்போம்

தோழர்களே, இது தர்மம் கேட்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். வேலையிலோ பாடசாலை அனுமதியிலோ இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை என்று எந்த அதிபரும் திருப்பி அனுப்பினால், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

கொடுப்பனவு விஷயத்துக்கு வருவோம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு தருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு முதலில் கிராம உத்தியோகத்தரையும், பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் பார்க்க வேண்டும். வைத்தியரின் அறிக்கை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு ஒருநாளும் கிடைக்காது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். புரியாத கடதாசியில் கைரேகை வைக்க வேண்டாம்.

நமக்குக் கடிதம் வந்தால் பல இடங்களில் அது தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வருகிறது. கிளினிக் திகதி, நேர்முகத் திகதி முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த கதைகள் உங்களுக்குத் தெரியும். தலைவர்மார் வாரம் ஒரு தரம் ஆபிஸில் கேட்டு, அப்படியான கடிதங்களை அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வேலையில் அடிபட்டவர்கள் விஷயம் வேறு. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அவர்களுக்கு நட்டஈடு உண்டு. விபத்து நடந்த அன்றே ஆபிஸில் பதிய வையுங்கள். வைத்தியசாலைத் துண்டுகள் ஒன்றையும் தொலைக்க வேண்டாம். "துரை பார்த்துக்கொள்வார்" என்று காலம் கடத்தவும் வேண்டாம். நிரந்தரமாக வேலை செய்யவே முடியாது என்று வைத்தியர் அத்தாட்சிப்படுத்தினால், சேமலாப நிதியை எடுக்கப் பெண்கள் 50 வயது வரையும் ஆண்கள் 55 வயது வரையும் காத்திருக்கத் தேவையில்லை. இது தெரியாமல் கடன்பட்டு வாழும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

நம் வாயையும் கழுவுவோம்

சட்டம் செய்ய முடியாத வேலையும் இருக்கிறது. நொண்டி, ஊமை, கிறுக்கு என்று நம் லயங்களில் கூப்பிடுகிறோமே, அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட நமக்கு என்ன செலவு? "போன பிறவியில் செய்த பாவம்" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறோம். காய்ச்சலும் விபத்தும் குறைப்பிரசவமும் யாருடைய பாவமும் இல்லை. கல்யாணத்துக்கும் காமன் கூத்துக்கும் அந்த வீட்டுக்காரரை அழைக்கும்போது, "பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பல வருடம் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

தலைவர்மாரே, தலைவிமாரே, நான்கு வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

முதலாவது, ஒரு கொப்பியோடு லயம் லயமாகப் போங்கள். யார் இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன ஆவணம் இல்லை என்று எழுதுங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுங்கள். அந்தக் கொப்பி கொட்டும் இடங்களில் வாசிப்பதற்கு அல்ல.

இரண்டாவது, பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்ப்பவரோடும் குடும்பநல உத்தியோகத்தரோடும் பேசுங்கள். கழுத்து நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்றால் "வளர்ந்தா சரியாகும்" என்று விடாமல் உடனே கிளினிக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பராமரிக்கும் தாய்மாருக்கு மத்தியானம் இறங்கிப் போய் வர நேரம் கொடுக்கும்படியும், அதற்காகப் பேரை வெட்டக் கூடாது என்றும் நிர்வாகத்திடம் கேட்போம். புதிதாக வீடு கட்டும் இடங்களில் வாசலுக்குச் சரிவுப் பாதையும் வீட்டோடு மலசலகூடமும் அத்திவாரம் போடும்போதே கேட்க வேண்டும். கட்டி முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நான்காவது, ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் முறை போட்டு, பராமரிப்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கொடுங்கள். அந்தத் தாய் ஒரு கிளினிக்குக்குப் போகட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா தூங்கட்டும்.

நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தபோது அவர்களுக்கு யாரும் இல்லை. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தூக்கித்தான் இந்த இடம் வரைக்கும் வந்திருக்கிறோம். சங்கமும் அப்படித்தான் உண்டானது. சந்தா கட்டுபவருக்கு மட்டும் பேசுவது சங்கம் இல்லை. மலைக்கு ஏற முடியாதவருக்கும், பெரட்டில் பேர் இல்லாதவருக்கும் சேர்த்துப் பேசுவதுதான் சங்கம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். சம்பளத்தைப் பேசுவதற்கு முன் அதைத்தான் முதலில் எடுப்போம். இன்று வீட்டுக்குப் போகும் வழியில், கொண்டி போட்ட காம்பரா ஒன்று இருந்தால் கதவைத் தட்டி, "என்னம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.