புயல் எங்கே கரையேறும்?



காவிரி பாயும் தஞ்சை நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் இருமுகம் கொண்ட திங்கள்கள். வயலிலே சம்பாப் பயிர் பசுமையாக நிற்கும். வங்கக் கடலிலோ புயல் உருவெடுக்கும். அது எங்கே கரையேறும் என்பதை நாட்கள் பல முன்னதாக எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அத்தகைய ஐயநிலையில், பலர் கூடி ஒரு முடிவுக்கு வருவது எவ்வாறு? இவ்வினாவையே இன்று நான் உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பரில் வந்த கஜா புயலை எடுத்துக்கொள்வோம். கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே அது கரை கடக்கும் என்பது தொடக்கத்தில் வானிலைத் துறையினரின் கணிப்பு. பின்னர், கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றனர். இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே எத்துணை நீண்ட கடற்கரை! இறுதியில், நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்ததும், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அது கரையேறிற்று.

அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் அல்லவா? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதற்கென மாவட்டந்தோறும் ஓர் ஆணையத்தை வகுத்துள்ளது. ஆட்சியர் அதன் தலைவர். காவல்துறைக் கண்காணிப்பாளர், மருத்துவ அதிகாரி, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஆகியோரும் அதில் இடம்பெறுவர். பலர் எதற்கு எனில், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். எந்தச் சாலை மூழ்கும் என்பது ஒருவருக்குத் தெரியும். எந்தக் குடியிருப்பு தாழ்வான நிலத்தில் உள்ளது என்பது இன்னொருவருக்குத் தெரியும்.

புயலுக்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1977 நவம்பரில் இதே நாகைக் கரையைத் தாக்கிய புயலிலோ, மாண்டோர் 500க்கும் மேல். இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. காலத்தே மக்களை அப்புறப்படுத்தியதும் அவற்றுள் ஒன்று.

இங்கே ஒன்று கேட்கிறேன். கஜா பாம்பன் பக்கம் திரும்பியிருந்தால், நாகை முகாம்களில் தங்கியோர் ‘வீணாக அலைக்கழித்தார்களே’ என்று முணுமுணுத்து வீடு திரும்பியிருப்பர். அப்போது அம்முடிவு தவறாகிவிடுமா? ஆகாது. வீணாகப் புறப்பட்டால் இழப்பது ஓரிரவு உறக்கம். புறப்படாதிருந்தால் இழப்பது உயிராகலாம். முடிவெடுத்த வேளையில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே ஒரு முடிவை அளக்க வேண்டும்.

ஆயினும், எச்சரிக்கை பலமுறை பொய்த்தால் மக்களின் நம்பிக்கை தேயும். ஆதலால் ஐயத்தை மறைத்தல் ஆகாது. ‘வரலாம், வராமலும் போகலாம், வந்தால் தப்ப நேரமிராது’ என்று உள்ளபடி உரைப்பதே முறை.

கூட்டத்தின் உள்ளேயும் ஓர் ஆபத்து உண்டு. ஒற்றுமை குலையுமோ என அஞ்சி, ஐயமுடையவர் வாய் திறவாதிருப்பர். அமெரிக்க உளவியலறிஞர் இர்விங் ஜானிஸ் 1972இல் வெளியிட்ட நூலில் இக்குறையை விரிவாக ஆராய்ந்தார். தலைவர் தம் கருத்தை இறுதியில் கூறுவதும், மாற்றுக் கருத்தைக் கேட்டு வாங்குவதும் இதற்கு மருந்து.

இன்னொரு வழியும் உண்டு. நாகைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நீங்கள் அறிவீர்கள். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது காற்று வீசுமுன்பே வகுக்கப்பட்டது. ஆகவே, புயல் வேளையில் அதுபற்றி விவாதம் எழுவதில்லை. அவ்வாறே ஒவ்வோர் ஊரும், வெயில் காயும் நாளிலேயே கூடி, ‘இந்த அறிகுறி கண்டால் இன்னது செய்வோம், முதியோரை இன்னார் அழைத்துச் செல்வர், ஆடுமாடுகளை இன்ன மேட்டில் கட்டுவோம்’ என்று வகுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் அப்படியொரு ஏற்பாடு உண்டா என்று இன்றே பெரியோர்களிடம் கேளுங்கள். இல்லையெனில், அந்தக் கூட்டத்தைக் கூட்டும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.